அம்மாவின் மூக்கு

“மொதல்ல வாயில வைக்காதீங்க. மூக்க வைங்க” என்றார் நண்பர்.

துலிப் பூவைப் போல அடி அகன்று வாய் குறுகிய நான்கு கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் 30 மில்லி. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்தில் வடித்து, ஷெர்ரி பீப்பாயில் 15 ஆண்டுகள் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. எந்தக் கம்பெனியுடையது என்பது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது கடைசியில் புரியும்.

ஜொகூர் பாருவில் என் வீட்டுக் கூடம். சனிக்கிழமை இரவு. அம்மா குளுவாங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அதனால்தான் இந்தக் கூட்டமே என் வீட்டில். பாட்டிலைக் கொண்டுவந்த நண்பர் தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் காஸ்வேயைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மாதத்துக்கு ஒரு பாட்டில் வாங்குவார். ஒரு பாட்டில் இரண்டு மாதம் நிற்கும். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்.

வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார்க்க வேண்டுமாம், இல்லையென்றால் ஸ்பிரிட் மூக்கைச் சுட்டுவிடும். முதலில் இடது துளை, பிறகு வலது. நாலு சொட்டுத் தண்ணீர். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். செய்தோம். நண்பர் உலர்திராட்சை என்றார், அத்திப்பழம் என்றார், கிறிஸ்துமஸ் கேக், பழைய தோல் நாற்காலி என்றார். இன்னொருவர் கொஞ்சம் வெட்கத்துடன் “குலா மலாக்கா காய்ச்சுற மாதிரி இருக்கு” என்றார். எனக்கு வந்தது தோட்டத்துப் புகைக்கூடம். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுவார்களே, அந்தக் கட்டடத்தின் மரச்சுவர் வாடை. சொன்னதும் நான்கு பேரும் சிரித்தோம். நான்கு பேருமே தோட்டத்தில் பிறந்தவர்கள்.

ஒரு வாய் வைத்த பிறகு நண்பர் சொன்னார்: “இது குடிக்கிறது இல்லைங்க. சுவைக்கிறது. ரெண்டும் வேற.”

அப்போது தலையாட்டினேன். பிறகு நாள் முழுக்க அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் அப்பா குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கள்ளுக்கடை. தென்னங்கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பாக இருப்பது சாயங்காலம் காட்டமாகும், மறுநாள் காடியாகும். அப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. எந்தப் பக்கத்து மரத்துக் கள், காலை இறக்கினதா மாலை இறக்கினதா, கடைக்காரன் நேற்று மிச்சத்தைக் கலந்திருக்கிறானா, எல்லாம் ஒரு மிடறில் சொல்லிவிடுவார். அதைச் சொல்வதில் அவருக்குப் பெருமையும் உண்டு. நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். நண்பர் அன்று செய்தது அச்சு அசல் அதே பாவனை.

ஆக, அப்பாவும் சுவைத்தவர்தான். அந்த நாக்கு எங்களைக் காப்பாற்றவில்லை.

அம்மா வேறு. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. ஆனால் நான் பார்த்த மூக்குகளில் அதுதான் முதல் மூக்கு. சாயங்காலம் அப்பா லயத்து முனையில் திரும்பும்போதே அடுப்பங்கரையிலிருந்து முகத்தைத் தூக்குவார். “கள்ளுதான்” என்றால் தோள் தளரும்; அப்பா பாடுவார், வாந்தி எடுப்பார், தூங்கிவிடுவார். “பீரு” என்றால் யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் ஏதோ கடனோ கையெழுத்தோ இருக்கிறது. “சம்சு” என்றால் எங்கள் இருவரையும் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பிவிட்டு, அரிவாள்மனையை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பார். கள்ளும் சம்சுவும் கலந்த வாடை வேறு. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. அன்றைக்கு எதுவும் பேசமாட்டார், விளக்கை மட்டும் சின்னதாக்குவார்.

அப்பாவுக்கென்று வீட்டில் தனி டம்ளர் இருந்தது. மற்ற டம்ளர்களோடு சேராது.

தமிழில் மதுவைச் சுவைத்துப் பேச வார்த்தை இல்லை என்று நண்பர் குறைப்படுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசம், வாடை, நெடி, வீச்சம், கவுச்சி, முடை, காறல், கமறல், காட்டம்: இவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசம் லயத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். திருமுருகாற்றுப்படையில் குறவர்கள் மூங்கிலில் முதிரவைத்த தேறல் வருகிறது. மரத்துக்குள் மதுவை அடைத்துக் காலத்திடம் விட்டுவிடும் யோசனை நமக்குப் புதிதல்ல. சொல் இருந்தது. அந்தச் சொற்களை வைத்திருந்தவர்களிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நண்பருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் வெறும் பகட்டுக்காரர் அல்ல. ஷெர்ரி பீப்பாய் என்றால் என்ன என்பதை அவரிடம்தான் கற்றேன். ஷெர்ரி என்பது ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் ஊரைச் சுற்றி உண்டாகும், ஸ்பிரிட் சேர்த்து வலுவேற்றிய ஒயின். முன்பு அது பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறும். அங்கே பாட்டிலில் அடைத்த பிறகு காலிப் பீப்பாயை என்ன செய்வது? சிக்கனக்கார ஸ்காட்லாந்துக்காரர்கள் விஸ்கியை ஊற்றிவைத்தார்கள். மரம் குடித்திருந்த ஒயினை விஸ்கி குடித்தது. நிறம் சிவந்தது, உலர்பழ வாசம் ஏறியது. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றாகிவிட்டது. காலிப் பீப்பாய் வரத்து நின்றது. இப்போது பெரும்பாலும் விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஒன்றிரண்டு வருடம் ஊற்றிவைத்துப் பதப்படுத்தி அனுப்புகிறார்கள். அந்த ஷெர்ரியைப் பொதுவாக யாரும் குடிப்பதில்லை, காடிக்கோ வடிப்புக்கோ போய்விடும். ஒரு காலத்தில் மிச்சமாக இருந்தது இன்றைக்கு ஆர்டர் கொடுத்துச் செய்யும் சாமான். ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருடத்துக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூர் வெயிலில் அம்ருத் கம்பெனிக்கு அந்தப் பங்கு பல மடங்கு. “நம்மூரு தேவதைங்களுக்குத் தாகம் ஜாஸ்தி” என்பார் நண்பர்.

இத்தனை தெரிந்தவர் குடிப்பது மாதம் அரைப் பாட்டில்தான். அவர் சொன்ன வித்தியாசம் அவர் வாழ்க்கையில் உண்மை. ஆனால் அது நுட்பமான நாக்கினால் வந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

சுவை பற்றி யோசித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் டேவிட் ஹியூம், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1757இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், அழகைப் பற்றிய தீர்ப்பில் சரி தவறு உண்டா என்று கேட்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் கதை செர்வான்டிஸின் ‘டான் குவிக்ஸாட்’ நாவலிலிருந்து. சாஞ்சோ பான்சா தன் அப்பா வழி உறவினர் இருவரைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறான். ஒரு பீப்பாய் ஒயினைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். ஒருவர் இரும்பு வாடை அடிக்கிறது என்றார். மற்றவர் தோல் வாடை என்றார். உடையவன் பீப்பாய் சுத்தமானது என்று சாதித்தான். கடைசியில் பீப்பாய் காலியானபோது அடியில் தோல் வாரில் கட்டிய ஒரு சாவி கிடந்தது.

ஹியூம் சொல்லாமல் விட்ட ஒரு தகவல் செர்வான்டிஸில் இருக்கிறது. ஒருவர்தான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். தோல் என்று சொன்னவர் மூக்குக்குக் கொண்டுபோனதோடு சரி. வாயிலேயே வைக்கவில்லை.

ஹியூமின் கணக்குப்படி நல்ல ரசிகருக்கு நுட்பம் வேண்டும், பழக்கம் வேண்டும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், முன்முடிவு இருக்கக்கூடாது, தெளிந்த புத்தி வேண்டும். அம்மாவிடம் முன்முடிவைத் தவிர எல்லாம் சரி. முன்முடிவோ தலைக்குமேல் இருந்தது. அவருக்கு எல்லா மதுவும் எமன். ஆனாலும் அவர் தீர்ப்பு தப்பியதாக எனக்கு நினைவில்லை.

இம்மானுவேல் காண்ட் இதற்கு நேர் எதிர். 1790இல் எழுதிய நூலில் அவரும் ஸ்பெயின் பக்கத்து மதுவைத்தான் உதாரணம் காட்டுகிறார்: கேனரித் தீவு ஒயின். அது இனிது என்று ஒருவன் சொன்னால், ‘எனக்கு இனிது’ என்று சொல் என அவனைத் திருத்தலாம், அவனும் ஒத்துக்கொள்வான். அதில் சண்டைக்கு இடமில்லை. அழகு விஷயம் அப்படியல்ல. அங்கே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், அதற்காகவே அந்தத் தீர்ப்பில் நமக்கு எந்தப் பற்றும், எந்த லாப நஷ்டமும் இருக்கக்கூடாது என்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அன்று இரவு எங்கள் நால்வருக்கும் லாப நஷ்டம் எதுவும் இல்லை. அதனால்தான் அவ்வளவு அழகாகப் பேச முடிந்தது. குவளையில் என்ன இருந்தாலும் யாரும் அரிவாள்மனையை ஒளித்துவைக்கப் போவதில்லை. அம்மாவின் ஒவ்வொரு முகர்தலிலும் ஒரு இரவு பணயமாக இருந்தது. அதை ரசனை என்று சொல்ல காண்ட் ஒப்பமாட்டார். சரி, வேறு பெயர் வைக்கட்டும். ஆனால் மூக்கின் திறமைக்கு அளவுகோல் அதுதான் என்றால், பணயம் வைத்து முகர்ந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, பொழுதுபோக்காக முகர்ந்த எங்களை உள்ளே உட்காரவைப்பது என்ன நியாயம்?

இது என் அம்மாவின் கதை மட்டுமல்ல. மலாயாத் தோட்டத்தில் கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பளத்தோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. 1947இல் கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. குடித்தவர்களே, குடித்தவர்களின் வீட்டாரே கேட்டார்கள்: மூடு. அதே காலத்தில் துரையின் பங்களாவில் விஸ்கி இருந்தது. துரைகளில் கணிசமானோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பங்களாவில் காலியான விஸ்கி பாட்டில் எங்கள் லயத்துக்கு வரும், தேங்காய் எண்ணெய் ஊற்றிவைக்க. மூடி நன்றாக இருக்கும் என்று அம்மா அதற்குச் சண்டை போட்டு வாங்குவார். ஒருத்தர் குடிப்பது ரசனை, இன்னொருத்தர் குடிப்பது ஒழுக்கக்கேடு என்ற பிரிவினை நண்பர் கண்டுபிடித்ததல்ல. அது எங்களுக்கு முன்பே கட்டடமாக இருந்தது, பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும்.

இப்படிச் சொன்னதும் கள்ளையும் அப்பாவையும் நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கள்ளை மண்ணின் பானம் என்று கொண்டாடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். எழுதியவர் சம்சு நாளில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கமாட்டார். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளைப் பழிக்கும்போது பெற்ற தாயின் முகத்தை எதற்காகக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது எனக்கு உரை இல்லாமலே தெரியும்.

மூக்கையும் நாக்கையும் ஒரேயடியாக நம்பவும் முடியாது. 2001இல் வெளியான ஒரு ஆய்வில், பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள். ஸ்காட்ச் விஸ்கியிலும் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கருஞ்சிவப்பைப் பார்த்ததுமே எங்கள் வாயில் திராட்சை வந்துவிட்டதோ என்னவோ. இன்னொரு பக்கம், 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்களில் நிறையப் பேர். மெத்தனாலை வாடையிலோ ருசியிலோ பிரித்தறிய முடியாது. அங்கே அம்மாவின் மூக்கும் தோற்கும், நண்பரின் நோட்டுப் புத்தகமும் தோற்கும். எங்களைக் காப்பாற்றுவது எங்கள் ரசனை அல்ல, நானூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுக்க முடிகிற சட்டைப் பை.

அப்படியானால் குடிப்பதும் சுவைப்பதும் ஒன்றா? இல்லை, வேறுதான். ஆனால் நண்பர் நினைப்பது போல ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அடுக்கிய இரண்டு படிகள் அல்ல. அப்பா நன்றாகச் சுவைத்தார், நன்றாகக் குடித்தார். அம்மா குடிக்கவேயில்லை, எல்லாரையும்விட நன்றாக அறிந்தார். நண்பர் அளவாகக் குடிப்பதற்குக் காரணம் காலை நாலரை மணி, வீட்டுக் கடன், மனைவியின் மேல் உள்ள பயம், அவர் இயல்பு. அத்திப்பழ வாசத்துக்கு அதில் எந்தப் பங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நுட்பமான ரசனை மனிதனை ஒழுக்கமாக்கும் என்ற நம்பிக்கை சங்கீதம், இலக்கியம் எல்லாவற்றைச் சுற்றியும் இருக்கிறது. இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரிடமும் கொஞ்சம் உண்டு, என்னிடமும் உண்டு. அப்பா நாக்கைத் தட்டிக் கண்ணை மூடியதை நினைத்தால் அதை முழுசாக நம்ப முடியவில்லை.

அன்று இரவு குவளைகளைக் கழுவ வேண்டாம் என்று நண்பர் சொல்லிவிட்டுப் போனார். காலிக் குவளை மறுநாள் காலையில்தான் உண்மையைச் சொல்லுமாம். நானும் அப்படியே தொட்டியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அம்மா மத்தியானம்தான் வருவதாக ஏற்பாடு. தங்கை காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து விட்டுவிட்டாள்.

எழுந்து வந்தபோது அம்மா தொட்டிப் பக்கம் ஒரு குவளையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “ராத்திரி கரண்டு போச்சா?” என்றார்.

“இல்லையேம்மா.”

“தீக்குச்சி கொளுத்துனீங்களா? ஒரசி அணைச்ச வாடை அடிக்குதே.”

வாங்கி முகர்ந்தேன். எனக்கு உலர்திராட்சைதான் வந்தது, புகைக்கூடம்கூட இல்லை.

சாயங்காலம் நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாட்டில் அவரிடம் இருந்தது. போனில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. “இருக்குதுங்க. ரொம்ப மெல்லிசா. கந்தகம்” என்றார். ஸ்பெயினில் பீப்பாய் கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்களாம். ஷெர்ரி பீப்பாய் விஸ்கியில் சிலதில் அது தங்கிவிடும், தேர்ந்த ஆட்கள்தான் பிடிப்பார்கள், பலருக்குத் தெரியவே தெரியாது. 91 போட்டிருந்ததை 87 ஆக்கினார். நான் சொன்னதால் அவருக்கு வந்ததா, உண்மையிலேயே இருந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காலி செய்து அடியில் சாவியைத் தேட எங்களிடம் பீப்பாய் இல்லை.

“அம்மா வேற என்ன சொன்னாங்க?” என்று ஆவலாகக் கேட்டார் நண்பர். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

சொன்னார். குவளையைக் கீழே வைத்துவிட்டு, “எத்தன பேரு?” என்று கேட்டார். நாலு என்றேன்.

“நீ எவ்வளவு குடிச்ச?”

“முப்பது மில்லிம்மா. மோந்து பாக்கத்தான்.”

“ம். வந்தவனுங்க எல்லாம் எப்பிடி வீட்டுக்குப் போனானுங்க?”

“கிராப்புல.”

“போய் என்னா செஞ்சானுங்க?”

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தூங்கியிருப்பார்கள் என்றேன். அம்மா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, சின்ன வயதில் அப்பாவுக்குச் செய்ததைப் போல, லேசாக மூச்சை இழுத்தார். பிறகு சோப்பு போட்டு நாலு குவளைகளையும் கழுவினார். அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைக்கவில்லை. சன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.